ஓர் அங்குலம் குறைந்த வெள்ளை

தெருவில் அவரைக் கொடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது தங்கல் அட்டையில் மட்டும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை அட்டையைப் புதுப்பிக்கும் கவுன்ட்டரில் அதை உரக்கப் படிப்பார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருக்கும் மனைவி முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்து போவார்.

தொழில் சுவர் எழுதுவது. கடைப் பெயர், கதவு எண், இங்கே வண்டி நிறுத்தாதே, நாயே இல்லாத வீட்டுக்கு நாய் ஜாக்கிரதை. இதெல்லாம் வருடம் முழுக்க. தேசிய நாளுக்கு முந்தைய ஆறு வாரம் மட்டும் வேறு எதையும் தொட மாட்டார், கொடி மட்டும்தான். இரண்டு பள்ளிக்கூடம், தபால் நிலையம், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், தண்ணீர்த் தொட்டி, பேருந்துப் பணிமனை, குடியுரிமை அலுவலகம், இன்னும் சில என்று பதினோரு அரசாங்கச் சுவர்கள் அவர் கையில் இருந்தன. வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போனதைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டு, புதிதாகத் தீட்டுவார்.

அந்த நாட்டுக் கொடி சிக்கலானது இல்லை. மேலே கருநீலம், நடுவே வெள்ளை, கீழே சிவப்பு. கழுகு, வாள், நட்சத்திரம் ஒன்றும் கிடையாது. மூன்று கோடு இழுக்க இவருக்கு மூன்று நாளா என்று போகிற வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் ஏணியில் நின்றபடியே பதில் சொல்வார். "நட்சத்திரம் இருந்தா தப்பை அதுக்குப் பின்னால ஒளிச்சிடலாம். இதுல ஒளிக்க இடமே இல்லையே." கேட்டவன் போய்விட்டிருப்பான். கொடிக்காரர் மறுபடி தூரிகையை நனைப்பார்.

இத்தனைக்கும் அவர் அந்த நாட்டுக் குடிமகன் இல்லை.

மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து எல்லையைத் தாண்டி வந்தவர். அந்தப் பக்கம் சண்டை. தாண்டியது அவருக்கு நினைவில்லை. "நீ வழி முழுக்கத் தூங்கினே" என்பதற்கு மேல் அம்மா ஒன்றும் சொன்னதில்லை. அந்தத் தூக்கத்துக்கு நாற்பத்தெட்டு வருடமாகக் கவுன்ட்டர் கவுன்ட்டராகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் கொடியைப் பத்தொன்பது வயதில் தீட்டினார். யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் வெளியிலிருந்து வந்தவர்களை விரட்ட வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. ஒரு காலையில் அவர் தன் வாடகை அறையின் வெளிச்சுவரில் கொடியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். பயத்தில் தீட்டினாரா, பற்றில் தீட்டினாரா என்று கேட்டால் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டும் ஒரே டப்பாவில் கலந்திருந்தன. ஆனால் கடைசியில் தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தபோது தொண்டை அடைத்தது. அது பயம் இல்லை. அந்தக் கொடி அவருடையது என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் சொல்லிப் பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். அவரைப் பார்த்துத் தபால் நிலையம், அதைப் பார்த்துக் காவல் நிலையம். ஒரு வருடம் பத்திரிகையில்கூடப் படம் வந்தது. 'கொடிக்கு உயிர் கொடுக்கும் குடிமகன்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதை வெட்டி மடித்துக் குடியுரிமை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம். அம்மா எல்லை தாண்டின சீட்டு எங்க?" என்று கேட்டார்.

அது முதல் விண்ணப்பம், இருபத்து நான்கு வயதில். சீட்டு இல்லை, அதனால் தள்ளுபடி. இரண்டாவது முப்பத்து மூன்றில். கோப்பு வைத்திருந்த கீழ்த்தளத்தில் குழாய் உடைந்து காகிதமெல்லாம் கூழாகிவிட்டது என்று நான்கு வருடம் கழித்துச் சொன்னார்கள். மூன்றாவது நாற்பத்தொன்றில். அதற்குள் சட்டம் மாறி, இங்கே வாழ்ந்த வருடங்களின் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். வேறு ஆளாக இருந்தால் மேசையைக் குத்தியிருப்பான், இல்லையென்றால் ஊரைக் கூட்டி அழுதிருப்பான். கொடிக்காரர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்து, சாப்பிட்டு, கை கழுவி, மறுநாள் வேலைக்குப் போனார். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ, இரண்டாவது விண்ணப்பத்துக்குப் பிறகு அவர் உள்ளே அப்படித்தான் இருந்தது. தொட்டால் தொடுவது தெரியும். வலிக்காது.

நான்காவதாக விண்ணப்பித்தது மகளுக்காக.

அவளுக்குப் பதினேழு வயது. பள்ளியில் கடைசி வருடம். செவிலியர் படிக்க வேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலிருந்தே அவள் பேச்சு. அரசு செவிலியர் கல்லூரியில் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடம். பதினெட்டு நிறைவதற்குள் தகப்பனுக்கோ தாய்க்கோ குடியுரிமை கிடைத்துவிட்டால் பிள்ளைக்கும் அதே காகிதத்தில் கிடைத்துவிடும். ஒரு நாள் தாண்டினாலும் பிள்ளை தனியாள். தன் பெயரில் விண்ணப்பித்து, தனியாக வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த முறை எல்லாம் கூடி வந்தது. காகிதங்கள் சரியாக இருந்தன. குழாய் எதுவும் உடையவில்லை. வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி என்று கடிதம் வந்தது. தேர்வு நாளுக்கும் மகள் பிறந்த நாளுக்கும் இடையில் அறுபத்தோரு நாள். தேறினால் முப்பது நாளில் சான்றிதழ்.

கேள்வி-பதில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மகள்தான் தயார் செய்தாள். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அவள் கேட்பாள், அவர் வெங்காயம் உரித்தபடி பதில் சொல்வார். சீருடை தைக்கும் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கும் மனைவி, "நான் சொல்லட்டுமா? எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. எனக்குக் குடுத்துடச் சொல்லு குடியுரிமையை" என்பாள். நாடாளுமன்றத்தில் எத்தனை இருக்கை, மிக நீண்ட ஆறு எது, நாட்டுப்பாட்டில் எத்தனை அடி. கடைசிப் பாடம் கொடி. அந்தப் பக்கம் வந்ததும் மகள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"இதை விடுங்கப்பா. கொடியைப் பத்தி உங்களுக்கே சொல்லித் தரணுமா?"

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தேர்வு, அலுவலகத்தின் முதல் மாடியில் ஓர் அறையில் நடந்தது. மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் நின்றுபோன கடிகாரம். தேர்வு அதிகாரி நாற்பது வயதுப் பெண். சளி பிடித்திருந்தது, கைக்குட்டையை விடவே இல்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. "உட்காருங்க ஐயா, தண்ணி குடிக்கறீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார்.

பன்னிரண்டு கேள்விக்கும் கொடிக்காரர் பிசகாமல் சொன்னார். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி போட்டார். பிறகு புத்தகத்தைத் திருப்பினார்.

"இனி கொடி. மூணு கேள்வி. மூணும் கட்டாயம், ஒண்ணு தப்பினாலும் தேற முடியாது. தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"மேலிருந்து நிறங்களைச் சொல்லுங்க."

சொன்னார்.

"நீளத்துக்கும் உயரத்துக்கும் என்ன விகிதம்?"

"மூணுக்கு ரெண்டு."

"மூணு பட்டையோட அகலம் எப்படி இருக்கும்?"

மேசைக்கு அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அலுவலகத்தின் மதில். மதிலில் ஆறடி உயரத்துக்கு அவர் போன வருடம் தீட்டிய கொடி. கொடிக்காரர் அதைப் பார்த்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நீலம் இருபத்து நாலரை அங்குலம் மேடம். வெள்ளை இருபத்து மூணு. சிவப்பு இருபத்து நாலரை."

அதிகாரி நிமிர்ந்தார். "கேள்வியை மறுபடி படிக்கறேன். நிதானமாச் சொல்லுங்க. மூணு பட்டையோட அகலம் எப்படி இருக்கும்?"

இந்த இடத்தில் 'சமம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதிகாரி அதற்காகத்தான் மறுபடி படித்தார். விருந்தாளிக்குக்கூட இப்படிக் கதவைத் திறந்து வைக்க மாட்டார்கள். ஆனால் கொடிக்காரருக்கு அப்போது அது தேர்வு என்பதே மறந்து போயிருந்தது. முப்பத்திரண்டு வருடமாகச் சுவர் சுவராகத் தீட்டியிருக்கிறார். நன்றாயிருக்கிறது என்றிருக்கிறார்கள், நாட்டுப்பற்று என்றிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லையா என்றிருக்கிறார்கள். எப்படித் தீட்டுகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இன்றைக்கு ஒருத்தர் கேட்கிறார், அதுவும் இரண்டு முறை. மரத்துக் கிடந்த மனுஷனுக்குள் என்னவோ அசைந்துவிட்டது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"சமமாப் போட்டா சமமாத் தெரியாது மேடம். ரெண்டு அடர்த்தியான நிறத்துக்கு நடுவுல வெள்ளை எப்பவும் பெருசாத் தெரியும். கண்ணு அப்படி. அதனால வெள்ளையில ஓர் அங்குலம் எடுத்து, மேல அரை, கீழ அரை சேர்த்துடணும். அப்பதான் தூரத்துல இருந்து பார்க்கறவங்களுக்கு மூணும் ஒண்ணுபோல இருக்கும். நான் எல்லாச் சுவத்துலயும் அப்படித்தான் போடுவேன்."

"எல்லாச் சுவத்துலயுமா?"

"எல்லாத்துலயும் மேடம்." சொல்லும்போது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

"அப்ப மூணும் சமம் இல்லைன்னு சொல்றீங்க."

"இல்லை மேடம். வெள்ளை குறைவுதான்."

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேசை மேல் பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு, "ஐயா, சட்டம் சமம்னு சொல்லுது" என்றார். அப்போதுதான் கொடிக்காரருக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. வாயைத் திறந்தார். "ரெண்டாவது தடவை சொன்ன பதில்தான் கணக்கு. மூணாவதுக்கு விதியில இடமில்லை" என்று அவர் திறந்த வாயைப் பார்த்தே அதிகாரி சொல்லிவிட்டார்.

அதோடும் முடியவில்லை. அரசாங்கச் சுவரில் கொடி சட்ட அளவில் இல்லை என்பது அதிகாரியின் காதில் விழுந்துவிட்டது, அதுவும் பதிவாகிவிட்டது. காவலாளி ஓர் அளவு நாடாவைக் கொண்டுவந்தார். மூவரும் கீழே இறங்கிப் போனார்கள். காவலாளி நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையைக் கொடிக்காரரே பிடித்தார். அவருக்குத்தான் ஏறிப் பிடித்துப் பழக்கம். இருபத்து மூன்று. அரை நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார்.

தேறவில்லை, தொண்ணூறு நாள் கழித்து மறுதேர்வுக்கு வரலாம் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். இரண்டாவது காகிதத்தில், அவர் தீட்டிய பதினோரு சுவர்களையும் தேசிய நாளுக்குள் சட்ட அளவில் திருத்தித் தீட்ட வேண்டும் என்று இருந்தது. இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அறுபத்தொன்றைத் தொண்ணூறிலிருந்து கழித்துப் பார்த்தார். இருபத்தொன்பது. இன்னொரு முறை கழித்தார். அதுவே வந்தது.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, அவர் முகம் எப்போதும் அப்படித்தான். எதில் தப்பினீர்கள் என்று கேட்டாள். கொடியில் என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தாள். பிறகு காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"சமம். ஒரு வார்த்தைப்பா. அதைச் சொல்ல முடியலையா உங்களுக்கு?"

"கேட்டாங்க. தெரிஞ்சதைச் சொன்னேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சதை யாருப்பா கேட்டா? புத்தகத்துல இருக்கறதைக் கேட்டாங்க!" அவள் குரல் உடைந்தது. "நான்தான் அந்தப் பக்கத்தை மூடினேன். நானேதான் மூடினேன்." அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி தட்டை வைத்தாள். "என்னங்க, சாப்பிடுங்க. பட்டினி கிடந்தா மட்டும் கூப்பிட்டுக் குடுத்துடப் போறாங்களா?" என்றாள். அவர் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். அதைப் பார்த்து அவளுக்கு எரிச்சலாக வந்தது. மகள் அன்றிலிருந்து அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். தண்ணி வந்திருக்கு, அம்மா கூப்பிடறாங்க. அப்பா என்ற சொல்லை மட்டும் கவனமாக விட்டுவிட்டுப் பேசினாள்.

அடுத்த வாரமே சுவர்களைத் திருத்தத் தொடங்கினார். வண்ணக்கடைக்காரர் அவருக்கு இருபது வருடப் பழக்கம், வாய் ஓயாத மனுஷர். நீல எனாமலும் சிவப்பு எனாமலும் கேட்கவில்லை, வெள்ளை மட்டும் ஏழு டப்பா வேண்டும் என்றதும் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கொடிக்காரரே, நாடு சரணடைஞ்சிடுச்சா?" என்று கேட்டுத் தானே சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. டப்பாக்களைத் துடைத்துத் துடைத்து எடுத்து வைத்தார்.

வேலை என்னவோ சின்னதுதான். மேலே அரை அங்குலம், கீழே அரை அங்குலம். ஆனால் கருநீலத்தின் மேல் வெள்ளை ஒரே பூச்சில் நிற்காது, அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்க்கும். மூன்று பூச்சு வேண்டும், ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் காய வேண்டும். அவர் ஒவ்வொரு சுவரிலும் நூல் போட்டு, அளந்து, சரியாக இருபத்து நான்கில் கொண்டுவந்து நிறுத்தினார். கோணல்மாணலாகத் தீட்டி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. ஆத்திரம் இருந்தால்தானே.

தேர்வில் அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னமோ மாதிரி இருக்கே இந்த வருஷம்" என்றார். தலைமையாசிரியர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளை தூக்கலா இருக்குதே. வயசாகுது உங்களுக்கு, கண்ணைக் காட்டுங்க" என்று அன்பாகவே சொன்னார். "சட்ட அளவுங்க" என்றார் கொடிக்காரர். பதினோரு இடத்திலும் அதே கேள்வி, அதே பதில். குடியுரிமை அலுவலக மதிலைத் தீட்டி முடித்த அன்று, சளி பிடித்த அதிகாரி, இப்போது சளி இல்லை, மதிய இடைவேளையில் வெளியே வந்தார். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று வெகு நேரம் பார்த்தார்.

"இப்ப சமமா?"

"சமம் மேடம்."

"வெள்ளை பெருசாத் தெரியுதே."

"ஆமா மேடம்."

அதிகாரி தலையை ஆட்டினார். அப்படியே உள்ளே போனார். அவர் என்ன செய்வார், அவருக்கு மேலே ஒரு மாடி இருக்கிறது.

மகளுக்குப் பதினெட்டு நிறைந்த நாளில் கொடிக்காரர் தீயணைப்பு நிலையத்தில் இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டே காலுக்கு அவள் பிறந்தாள் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே கால் ஆயிற்று. இரண்டே முக்காலும் ஆயிற்று. தூரிகையைத் தின்னரில் கழுவித் துணியில் துடைத்தார். ஏதாவது உடையும், நெஞ்சு அடைக்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வராதது அவருக்குப் பயமாக இருந்தது, அந்தப் பயமும் தூரத்தில் யாருக்கோ நடப்பதாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனபோது அலுவலகக் கடிதம் ஒன்று மேசையில் கிடந்தது. தகப்பனின் தங்கல் அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்டது, நாற்பத்தைந்து நாளுக்குள் நேரில் வந்து தனி அட்டையும் தனி விண்ணப்பமும் பெற்றுக்கொள்ளவும். மகள் பெயருக்குத்தான் வந்திருந்தது. அவள் பெயருக்கு வந்த முதல் அரசாங்கக் கடிதம்.

மறுதேர்வு நடந்தது. அதே அறை, அதே அதிகாரி. பன்னிரண்டு கேள்வி, பிறகு கொடி. மூன்றாவது கேள்வியைப் படிக்கும்போது அதிகாரி புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சமம்" என்றார் கொடிக்காரர்.

அடுத்த வாரமே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், முப்பது நாள்கூட ஆகவில்லை. மதில் முன்னால் நாற்பது பேரை வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். முன்வரிசையில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். ஒரு பெண் சான்றிதழை முத்தமிட்டாள். கொடிக்காரர் மார்பில் கை வைத்து எதிரே இருந்த கொடியைப் பார்த்தபடி வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். பத்தொன்பது வயதில் தெருவோரம் நின்று தொண்டை அடைத்தவர் அவர்தான். இன்றைக்கு அது சட்டப்படி அவருடைய கொடி ஆகிறது, அவருக்கோ வெள்ளை பெரிதாக இருப்பது மட்டும்தான் தெரிகிறது. கூட்டத்தின் ஓரத்தில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் வரவில்லை, பள்ளியில் தேர்வு.

இரண்டு நாள் கழித்து மகளோடு அதே அலுவலகத்துக்குப் போனார். அவள் விண்ணப்பம் போட வேண்டும். கடிதத்தில் சொன்ன நாற்பத்தைந்து நாளுக்கு இன்னும் ஒரு வாரம் கூட இல்லை. அவள் தனியாகப் போகிறேன் என்றாள், மனைவிதான் கூட அனுப்பினாள். கீழ்த்தள வரிசையில் இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் நின்றார்கள், பேசிக்கொள்ளவில்லை. கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா எட்டுப் பக்கத்தையும் எச்சில் தொட்டுப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தள்ளினார்.

"இது காலியா இருக்கேம்மா. உன்னைத் தெரிஞ்ச குடிமக்கள் யாராவது ஒருத்தர் நிரப்பிக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா வாங்க மாட்டோம்."

"யார் வேணும்னாலும் போடலாமா?"

"யாரா இருந்தாலும் சரி. குடியுரிமை இருந்தாப் போதும்."

மகள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல அதை அவர் பக்கம் நகர்த்தினாள். குமாஸ்தா நூலில் கட்டியிருந்த பேனாவை நீட்டினார்.

நான் இந்நாட்டின் குடிமகன் என்று தொடங்கியது. பெயர் எழுதினார். சான்றிதழ் எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினார். மேற்படி விண்ணப்பதாரர் நன்னடத்தை உள்ளவர் என நான் அறிவேன், ஆம், இல்லை. ஆம் என்பதை வட்டமிட்டார். அதற்குக் கீழே ஒரு கட்டம். மேற்படி நபரை எப்போது முதல் அறிவீர்கள்?

கொடிக்காரர் அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தார். இத்தனை வருடமும் உள்ளே மரக்க வைத்திருந்த ஊசியின் வேகமெல்லாம் அந்த ஒரு வரியில் தணிந்துவிட்டது. நெஞ்சுக்குள் வலித்தது, நிஜமாகவே வலித்தது, மூச்சு விட வாயைத் திறக்க வேண்டியிருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஒரு வார்த்தையை விழுங்கத் தெரியாமல் பெற்ற பிள்ளையை இந்தக் கவுன்ட்டரில் கொண்டுவந்து மேற்படி நபராக நிறுத்திவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. ஆறடிச் சுவரில் நூல் பிசகாமல் கோடு இழுக்கிற கை, அரை அங்குலக் கட்டத்துக்குள் எழுத்தைக் கோணலாகப் போட்டது.

'பிறந்த அன்று மத்தியானம் இரண்டே கால் முதல்' என்று எழுதினார்.

குமாஸ்தா எட்டிப் பார்த்து, "அப்படியெல்லாம் எழுதக் கூடாது பெரியவரே, வருஷத்தை எண்ணுல போடுங்க" என்றார். மகள் கட்டத்தைப் படித்துவிட்டாள். அவர் அடித்துத் திருத்தப் போன கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ப்பா" என்றாள்.

குமாஸ்தா பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முத்திரையை எடுத்துக் குத்தினார். பிறகு வரிசை எண்ணைச் சொன்னார். நாலாயிரத்து அறுநூற்றுப் பதினேழு. மகள் அதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.